சுவருக்கு உள்ளே பெய்த பனி

துறைமுகத்தை அந்த நாட்டு அரசாங்கத்துக்கு நீண்ட காலக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்த அன்றைக்கு மத்தியானம், கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரத்தில், கொற்றமுனையில் பனி பெய்தது. மார்கழி மாதத்துப் புல்லில் நிற்கும் பனி இல்லை. வெள்ளை வெளேரென்று, பூப்பூவாக, அள்ளினால் கை மரத்துப்போகிற பனி. அதுவும் ஊரில் இல்லை, துறைமுகத்தின் காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளே மட்டும். கிரேன்களின் மேல் பெய்தது, கண்டெய்னர்களின் மேல் பெய்தது, விழாப் பந்தலின் மேல் பெய்தது, பந்தல் பாரம் தாங்காமல் சரிந்த பிறகு பெரிய மனிதர்களின் வழுக்கைத் தலைகளின் மேலும் பெய்தது. சுவருக்கு இந்தப் பக்கம் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது.

அந்த நாட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை, நமக்கு எதற்கு வம்பு. ஒரு வருஷம் நம்மோடு கை குலுக்கும், மறு வருஷம் முறைத்துக்கொண்டு நிற்கும், அப்படி ஒரு தூரத்து நாடு. வாங்கியது ஒரு கம்பெனி என்றுதான் முதலில் சொன்னார்கள். அந்தக் கம்பெனிக்குப் பின்னால் இன்னொரு கம்பெனி இருந்தது, அதற்கும் பின்னால் போய்ப் பார்த்தால் அந்த நாட்டு அரசாங்கமே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. அரசாங்கமே குடிவரும்போது அதன் வானிலை மட்டும் வராமல் இருக்குமா என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். பனி ஏன் பெய்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அங்கே மட்டும் ஏன் பெய்தது என்றுதான் கேட்டோம்.

கேட்பதற்கு எங்களுக்கு உரிமை இருக்கிறது. எங்கள் கோயிலில் இருப்பவள் பனிமாதா. கொடியேற்றி, நவநாள் வைத்து, சப்பரம் இழுத்து, பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து அவள் தலைமேல் பனியென்று தூவி, எத்தனையோ தலைமுறையாக அவளைக் கும்பிட்டு வருகிறவர்கள் நாங்கள், ஆனால் எங்களில் ஒருவர்கூடப் பனியைக் கண்ணால் கண்டதில்லை. அவள் பனியைக் கொடுப்பதென்றால் யாருக்குக் கொடுக்க வேண்டும்? கோயில் முற்றத்தில் ஒரு பொட்டு விழவில்லை. அவள் பெயரையே கேள்விப்படாதவனுடைய கண்டெய்னர் மேல் குவியல் குவியலாகக் கொட்டிக் கிடந்தது. எங்களுக்கு வயிறு எரிந்தது. மாதாவின் மேலேயே எரிந்தது என்றால் மற்றவர்கள்மேல் எப்படி எரிந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் ஊர் எதையும் வீணாக விடுகிற ஊர் இல்லை. சுவரின் வெளிப்பக்கம் குளிர்ந்து வியர்த்து நின்றதால், மீன் விற்கிற பெண்கள் கூடைகளை அதன் ஓரமாக வரிசையாக வைத்தார்கள். ஐஸ் பேக்டரிக்காரர் கோயிலுக்கு வந்து வாய்விட்டு அழுதார். வேர்க்குரு கண்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரில் முதுகை ஒட்டி நிறுத்தினார்கள். மாசமான பெண்களுக்கு என்று நிழலான ஓர் இடத்தை ஊரே ஒதுக்கியது, அதற்கும் சண்டை நடந்தது. காதர் பாய் தன் ரோஸ்மில்க் வண்டியைச் சுவரை ஒட்டித் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தியவர், பிறகு அதை நகர்த்தவே இல்லை. கல்யாணத் தரகர்கள் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வியே, உள்ளே வேலையா வெளியே வேலையா என்றாகிவிட்டது. எங்கள் கண் பொல்லாத கண் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், கம்பெனிக்காரர்கள் பெரிய கிரேனின் உச்சியில் கோர முகம் வரைந்த பூசணிக்காய் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அதன் தலையிலும் பனி பெய்து, அது குல்லா போட்டுக்கொண்டு எங்களையே பார்த்தது.

உள்ளே வேலை கிடைத்தவர்களில் ஒருத்தி மதலேன். அவள் புருஷன் தஸ்நேவிஸ். பனிமாதாவின் பெயரைப் போட்டுக்கொண்டு இந்தக் கரையில் திரிகிற எத்தனையோ தஸ்நேவிஸ்களில் இவர்தான் துறைமுகத்து இழுவைப் படகின் செராங்கு, அதாவது கப்பலை அணைத்துக் கூட்டிவந்து கரையில் கட்டவைக்கும் படகின் தலைவர். பழைய நிர்வாகத்தில் அவர் சொன்னால்தான் கப்பல் அசையும். புதியவர்கள் வந்தவுடன் அவர்கள் நாட்டு இழுவைப் படகுகள் வந்தன, அவற்றோடு அவர்கள் ஆட்களும் வந்தார்கள், தஸ்நேவிஸுக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருடைய படகை ஒரு மூலையில் கட்டிப்போட்டார்கள். அதே வாரம், கணினி படித்திருந்த மதலேனைக் கூப்பிட்டு, கண்ணாடி அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக் கைப்பிடியைத் திருப்பி கிரேன் ஓட்டுகிற வேலையைக் கொடுத்தார்கள்.

பனி சுவரைத் தாண்டாது. டிபன் பாக்ஸில் அள்ளி வந்தாலும் கேட்டைக் கடக்கிற இடத்தில் சட்டென்று தண்ணீராகிவிடும். ஆனால் உள்ளே வேலை செய்தவர்களின் உடம்பில் அந்தக் குளிர் ராத்திரிச் சாப்பாடுவரை தங்கும். மதலேன் சாயங்காலம் தெருவுக்குள் நுழைந்தால் போதும், பக்கத்து வீட்டுப் பெண்கள் அவள் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வார்கள், கிழவர்கள் நெற்றியை நீட்டுவார்கள், அவள் ஒவ்வொருவரையும் தொட்டுத் தொட்டு வீடு வந்து சேர நேரமாகும். முன்பெல்லாம் தஸ்நேவிஸ் தெருவில் வந்தால் எழுந்து நிற்பவர்கள், இப்போது அவரைத் தாண்டிக்கொண்டு அவர் பெண்டாட்டியிடம் ஓடினார்கள். அவர் வாசலில் பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டு இதைப் பார்ப்பார்.

"இன்னைக்கு எவ்வளவு பெய்ஞ்சுது?" என்பார்.

"முழங்கால் மட்டும்."

"என் படகு?"

"அது மூலையில கெடக்கு. மேலெல்லாம் வெள்ளையா இருக்கு."

"யாரும் தொடைக்கலியா?"

"யாரு தொடைப்பா?"

அவர் விசிறியைக் கை மாற்றிக்கொள்வார்.

"அந்தப் பனித்துரை உன்கிட்ட என்ன பேசுதான்?" உள்ளே மேலாளராக இருந்த அந்த நாட்டு மனிதருக்கு நாங்கள் வைத்த பெயர் அது.

"பனியில எப்படி நடக்கணும்னு சொன்னாரு. பாதத்த முழுசா அழுத்தி வைக்கணுமாம், இல்லன்னா வழுக்கிரும்."

"வாயால சொன்னானா, கையப் புடிச்சுச் சொன்னானா?"

"வாயாலதான் சொன்னாரு. வழுக்குன பொறவுதான் கையப் புடிச்சாரு."

இதைக் கேட்டுவிட்டு அவருக்குச் சோறு இறங்கவில்லை. தெருவே அதைப் பற்றிப் பேசியது. பெண்டாட்டி மேல் சந்தேகம் என்றார்கள் சிலர், பெண்டாட்டியின் மேலுள்ள பிரியம் என்றார்கள் சிலர். யாராவது அவர் முகத்தைச் சரியாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் கையைப் பிடித்த மனிதனைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் வெறுமனே கடுத்தது. கிரேன் எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கப்பல் எங்கே கட்டியது என்று அவள் சொல்லும்போதுதான் அவர் கண் சிவந்தது.

பொறாமை வெளியே போவதென்றால் அதற்கு நல்ல சட்டை ஒன்று வேண்டும். தஸ்நேவிஸுக்குத் தேசம் கிடைத்தது. துறைமுக மீட்புக் குழு என்று ஒன்றை ஆரம்பித்து, மாதா கோயில் முக்கில் மைக் வைத்துப் பேசினார். நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் அடுத்தவன் கையில் இருக்கிறது என்றார், நம் போர்க்கப்பல் வருகிற போகிற நேரமெல்லாம் அவன் திரையில் தெரிகிறது என்றார், நாளைக்குச் சண்டை என்று வந்தால் அவன் கதவைச் சாத்தினால் நாம் என்ன செய்வோம் என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதனால்தான் அவருக்குள் என்ன எரிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்கும் எரிந்துகொண்டிருந்ததால் நன்றாகக் கை தட்டினோம்.

ஒரு நாள் மதலேன் வேலை முடிந்து வந்து, பெண்களையெல்லாம் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லுதேன். வெளிய போகக் கூடாது."

"சொல்லு."

"நான் கைப்பிடியத் தொடுததுக்கு முந்தியே கிரேன் திரும்புது. இன்னைக்கு மட்டும் இல்ல. மொதல்ல என் கைதான் பட்டிருக்கும்னு நெனச்சேன். இன்னைக்குக் கைய மடியில வச்சுக்கிட்டுப் பார்த்தேன். அது பாட்டுக்கு ஒரு பெட்டியத் தூக்கி வச்சுட்டு வந்துச்சு."

"யாரு ஓட்டுதா?"

"அவங்க ஊர்ல உக்காந்துக்கிட்டு எவனோ ஓட்டுதான்போல. எனக்குப் பயமா இருக்கு. இன்னும் கொஞ்சம் பார்த்துட்டு, யாருகிட்டச் சொல்லணுமோ நானே சொல்லுதேன். நீங்க வாயத் தொறக்காதீங்க."

தஸ்நேவிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் பயந்து சொன்னதைக் கேட்ட அவருக்குப் பயமே வரவில்லை. அவளும் ஓட்டவில்லை, அந்த நாற்காலியில் அவளும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறாள் என்பது நெஞ்சுக்குள் இறங்க இறங்க, பல வாரத்துக்குப் பிறகு அன்றைக்கு அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் டெல்லியிலிருந்து இரண்டு அதிகாரிகள் விசாரணைக்கு வந்தார்கள். கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு, மேசை போட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வெப்பமானி, அந்தப் பக்கம் ஒரு வெப்பமானி என்று மாட்டி வைத்தார்கள். பனி யாருடையது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. பங்குச்சாமியார் முதலில் எழுந்து, இது மாதாவின் அற்புதம், மாதா இந்த ஊர்க்காரி, ஆகவே பனி நம் நாட்டுச் சொத்து, அதை அவர்கள் வைத்திருப்பது திருட்டு என்றார். ஊரே ஆமென் சொன்னது. கம்பெனியின் வக்கீல் எழுந்து, ஒப்பந்தத்தில் கப்பல்துறை இருக்கிறது, கிரேன் இருக்கிறது, கிடங்கு இருக்கிறது, வானிலை மட்டும் இல்லை, எழுதாத ஒன்றுக்கு எங்கள்மேல் எப்படிக் குற்றம் சொல்வீர்கள் என்றார். அதிகாரிகள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

பிறகு தஸ்நேவிஸ் எழுந்தார். பனியை விடுங்கள் என்றார். உள்ளே கிரேனை ஓட்டுவது நம் ஆட்கள் இல்லை, அவர்கள் தலைநகரத்தில் உட்கார்ந்திருக்கிற எவனோ, நம் ஆட்கள் பொம்மைகள், என் பெண்டாட்டியும் ஒரு பொம்மை, அவளே தன் வாயால் சொன்னாள் என்றார். மைக் இல்லாமலே அவர் குரல் கேட்டுக்கு உள்ளேயும் கேட்டது. வேலை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்த மதலேன், ஒரு கால் பனியிலும் ஒரு கால் வெயிலிலுமாக அப்படியே நின்றாள்.

விசாரணை முடியும்வரை அவள் சுவருக்கு உள்ளே இருக்கிற பணியாளர் குடியிருப்பிலேயே இருக்கட்டும் என்றது கம்பெனி. உள்ளே நமக்கு ஒரு கண் வேண்டும், அவள் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள் அதிகாரிகள். எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு அரசாங்கங்களும் அவளை உள்ளே வைப்பதில் மட்டும் ஒத்துப்போயின. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. தஸ்நேவிஸ் அன்றைக்கு வீட்டுக்குத் தனியாகத்தான் போனார். தொட்டுப் பார்க்க ஆளில்லாமல் தெரு வெந்து கிடந்தது, ஒருவரும் அவருக்கு எழுந்து நிற்கவில்லை.

ஆடி பிறந்ததும் இரண்டு நாடுகளும் எங்கோ ஒரு மலை உச்சிக்காக முறைத்துக்கொண்டன. மறுநாள் காலையில் துறைமுகத்துக்குள் கடல் உறைந்து கிடந்தது. கப்பல்துறையிலிருந்து கப்பல்கள் உள்ளே வருகிற வாய்க்கால்வரை வெள்ளைத் தரையாக, கல் எறிந்தால் உருண்டு ஓடுகிற தரையாக உறைந்து கிடந்தது. நம் போர்க்கப்பல்கள் வந்து வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பின. சமையல் வாயு ஏற்றிவந்த கப்பல்கள் வரிசையாக நின்றன, ஊரில் அடுப்புகள் விறகுக்கு மாறின. வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வாருங்கள், எங்கள் கப்பல்துறை திறந்தேதான் இருக்கிறது என்று கம்பெனி தினமும் அறிக்கை விட்டது. டெல்லியில் ஒப்பந்தத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார்கள், வானிலை என்ற சொல் அதில் எங்கும் அகப்படவில்லை. தஸ்நேவிஸ் சொன்னதுதான் நடந்தது என்று பத்திரிகைகள் எழுதின. அவர் படம்கூட வந்தது.

மாதா திருவிழா அன்று சப்பரத்தைக் கேட்டுக்கே இழுத்துக்கொண்டு போவது என்று ஊர் முடிவு செய்தது. அவளுடைய பனியை அவளே நேரில் வந்து கேட்டால் கொடுக்காமல் என்ன செய்வார்கள் என்பது எங்கள் கணக்கு. மாலையும் மெழுகுவர்த்தியுமாக, மாதாவுக்கு வெயில் தாங்காது என்று குடை வேறு பிடித்துக்கொண்டு, பாட்டுப் பாடி இழுத்துப்போனோம். கேட் திறக்கவில்லை. நாங்கள் அங்கேயே உட்கார்ந்து ஜெபமாலை சொல்லத் தொடங்கினோம். தஸ்நேவிஸ் அதற்கு உட்காரவில்லை. என் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்கினார். சுவர் கரையோடு முடிந்துவிடும், கடலுக்குள் சுவர் கிடையாது. அங்கே போய், வாழ்நாளெல்லாம் படகு ஓட்டிய தண்ணீரின் மேல் முதல்முறையாகக் கால் வைத்தார்.

பாதத்தை முழுசாக அழுத்தி அழுத்தி நடந்தார். குளிர் லுங்கிக்குள் ஏறியது. கப்பல்துறையின் விளிம்பில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மதலேன் நிற்பதை அவர் தூரத்திலேயே பார்த்தார், அவளும் பார்த்தாள். அவளை நோக்கி நேராக வந்தவர், பாதி வழியில் மூலைப்பக்கம் திரும்பினார். அங்கே உறைந்து ஒட்டிக் கிடந்த தன் படகின்மேல் ஏறி, தோள்துண்டை எடுத்து, சுக்கான் அறைக் கண்ணாடியைத் துடைத்தார். முகப்பில் எழுதியிருந்த பெயரைத் துடைத்தார். கயிறு கட்டுகிற குமிழ்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பனி விழுந்தது, அவர் மறுபடியும் துடைத்தார். மதலேன் நடந்து வந்து படகின் பக்கத்தில் நின்றாள்.

"என்னயத் தேடித்தான வந்தீங்க?"

"உன்னயத்தான்."

"நான் அங்கன நின்னுக்கிட்டு இருந்தேன்."

அவர் துண்டைப் பிழிந்தார். அது பிழிய வரவில்லை, விறைத்திருந்தது.

"வா, வீட்டுக்குப் போவோம்," என்றார். "அந்தப் பனித்துரை வந்து தடுத்தாலும் பாத்துக்கிடுதேன்."

"அந்த மனுசன் ஒரு தடவ என் கையப் புடிச்சாரு, அதுவும் விழுந்தப்போ. அதுல உங்களுக்கு ஒண்ணும் எரியல. எனக்குத் தெரியாதா? அந்தக் கிரேன் நாற்காலி எனக்குக் கெடச்சு உங்களுக்குக் கெடைக்காததுதான் எரிஞ்சுது. அதுக்காக நான் நம்பிச் சொன்னத ஊரு முன்னால போட்டு ஒடச்சிட்டீங்க."

"நான் சொன்னது பொய்யா?"

"பொய்யில்ல. நீங்க சொன்ன அத்தனையும் நெசம். நானே சொல்லணும்னு இருந்தேன், நீங்க சொல்லிட்டீங்க. நாட்டுக்காகச் சொல்லியிருந்தா உங்க காலத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன்."

அவர் கண் அவளைத் தாண்டி, கண்ணாடி அறையின் மேல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய, தன் படம் ஒட்டிய நுழைவுப் பாஸைக் கழற்றினாள்.

"இந்தாங்க. போய் உக்காருங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லுவார் என்று ஒரு மூச்சு விடுகிற நேரம் அவள் காத்திருந்தாள். பிறகு வெகுநாள் கழித்து மதலேன் காதர் பாயின் பெண்டாட்டியிடம் அதைச் சொன்னபோதுகூட, அந்த ஒரு மூச்சைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். தஸ்நேவிஸ் பாஸை வாங்கினார். வாங்கியதும் படம் யாருடையது என்றுகூடப் பார்க்காமல் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பனித்துரை மேலே மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் இந்த ஊர் ஆள் ஒருவர் இருந்தால் போதும், யார் என்பது பெரிய விஷயமில்லை என்று சொல்லி, ஒரு கம்பளிக் குல்லாவை எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.

கேட்டின் சிறிய கதவு திறந்து மதலேன் வெளியே வந்தபோது நாங்கள் ஜெபமாலையை நிறுத்திவிட்டு எழுந்தோம். அவள் தலையிலிருந்த பனி வாசற்படியைத் தாண்டும்போது தண்ணீராகிக் கழுத்தில் வழிந்தது. அவள் நேராக மாதாவின் சப்பரத்துக்கு முன்னால் போய் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். டெல்லி அதிகாரிகள் இரண்டு பேரும் நாற்காலியை விட்டு எழுந்து ஓடிவந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது, கடலை எப்படி உறைய வைக்கிறார்கள், கிரேனை ஓட்டுவது யார் என்று ஆளுக்கொரு பக்கமாக நின்று கேட்டார்கள்.

"எங்க வீட்டுக்காரவுக உள்ள இருக்காவ," என்றாள் மதலேன். "இனிமே அவுககிட்ட கேளுங்க."

சொல்லிவிட்டு வெயிலில் இறங்கித் தெருவைப் பார்க்க நடந்தாள். அதிகாரிகளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தஸ்நேவிஸைப்போல வாயுள்ள ஒரு சாட்சி உள்ளேயே கிடைப்பது சும்மாவா. கேட்டிலிருந்த பேச்சுப்பெட்டியின் பொத்தானை அழுத்தி, மீட்புக் குழுத் தலைவர் தஸ்நேவிஸை உடனே வெளியே அனுப்புங்கள், வாக்குமூலம் வாங்க வேண்டும் என்றார்கள். கொஞ்ச நேரம் கரகரத்த பிறகு, வேலை நேரத்தில் யாரும் வெளியே வர இயலாது, துறைமுக விஷயங்களை வெளியாரிடம் பேசுவதும் வழக்கமில்லை என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அது தஸ்நேவிஸின் குரல்தான்.